வீட்டில் கட்டிய விமானத்துக்குப் புதிய மின்னிணைப்பு: கோண்டாவில் வாசகருக்குப் பதில்

கோண்டாவிலில் வாகன மின்திருத்தகம் நடத்தும் வாசகர் ஒருவரின் கடிதம் இம்முறை வந்திருக்கிறது. ஒன்ராறியோவில் வசிக்கும் அவருடைய தமையனார், தொண்ணூறுகளில் ஒருவர் தாமே கட்டி முடித்த ஆர்வி-6 ரக இருவர் அமரும் விமானத்தை வாங்கியிருக்கிறார். அதிலுள்ள பழைய முள் மானிகளையும் அவற்றில் சிலவற்றை இயக்கும் வெற்றிடப் பம்பியையும் அகற்றிவிட்டு, 10 அங்குலத் திரைகள் இரண்டு, தன்னியக்க ஓட்டி, ராடருக்கு விமானத்தை இனங்காட்டும் புதிய ரான்ஸ்பொண்டர், எல்ஈடி விளக்குகள், லிதியம் பற்றரி ஆகியவற்றைப் பொருத்துவது அவர்களின் திட்டம். இணைப்பு வரைபடத்தைத் தம்பியே வரைந்து, வயர்க் கட்டையும் இங்கேயே செய்து வைத்தால், நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் தமையனார் அதைக் கையோடு கொண்டு போவார். எஞ்சினோடு சுழன்று மின் தரும் பழைய 35 அம்பியர் ஒல்ரனேற்றர் போதுமா, ஸ்ரான்லி வீதியில் கிடைக்கும் நல்ல யப்பான் வயர் உதவுமா, லிதியம் பற்றரி நல்லதா, இங்கிருந்து இந்த வேலையைச் செய்வது பொருந்துமா என்பவை அவருடைய கேள்விகள்.

உங்கள் பொருட் பட்டியலையும் கைவரைபடத்தையும் பார்த்தேன். பட்டியல் திரைகளில் தொடங்கிப் பற்றரியில் முடிகிறது. நான் அதைத் தலைகீழாக வாசிக்கச் சொல்வேன். வானத்தில் ஒல்ரனேற்றர் நின்றுபோனால் எந்தெந்தக் கருவிகள் எவ்வளவு நேரம் இயங்க வேண்டும் என்பதை நீங்களும் தமையனாரும் முதலில் தீர்மானித்து எழுதிக்கொள்ளுங்கள். பற்றரியின் அளவு, வயரின் தடிப்பு, ஆளிகளின் எண்ணிக்கை, இரண்டாவது திரை தேவையா என்ற கேள்விகூட, அந்த ஒரு தீர்மானத்திலிருந்தே பிறக்க வேண்டும். வாகனத்தில் மின்சாரம் போனால் சாரதி வீதியோரம் நிறுத்திவிட்டு உங்களுக்குத் தொலைபேசி எடுப்பார். விமானிக்கு அந்த வசதி இல்லை.

ஒரு நல்ல செய்தியோடு தொடங்கலாம். தமையனாரின் லைக்கோமிங் எஞ்சினில் காபுரேற்றரும் இரண்டு மக்னீற்றோக்களும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மக்னீற்றோ தன் தீப்பொறிக்கான மின்னைத் தானே உண்டாக்குவதால், பற்றரி முழுதாகச் செத்தாலும் அந்த எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். மின்னணுத் தீமூட்டலும் எரிபொருள் உட்செலுத்தலும் உள்ள எஞ்சினாக இருந்திருந்தால் இந்தப் பதில் வேறாக இருந்திருக்கும். இரண்டு பற்றரி, இரண்டு ஒல்ரனேற்றர் என்ற பேச்சே அங்கு முதலில் வரும். உங்களுக்கு மின்சாரம் இல்லாமற் போவதென்றால் கருவிகளும் வானொலியும் இல்லாமற் போவது. அது வில்லங்கம்தான், ஆனாலும் எஞ்சின் நிற்பது போன்றதன்று.

இனி 35 அம்பியர் கேள்வி. கணக்கைப் பகல் பறப்பிலிருந்து தொடங்குவோம். இரண்டு திரைகளுக்கும் 6 அம்பியர், உணரிப் பெட்டிகளுக்கும் எஞ்சின் அளவீட்டுப் பெட்டிக்கும் 1, ஜிபிஎஸ்ஸுக்கு ஏறக்குறைய 0.3, கேட்கும் நிலையில் வானொலிக்கு 0.7, ரான்ஸ்பொண்டருக்கு 1, உட்பேச்சுக் கருவிக்கு 0.5, தன்னியக்க ஓட்டியின் இரண்டு மோட்டார்களுக்கும் 1.5, இறக்கைநுனி விளக்குகளுக்கு 2.5, பற்றரியின் மின்னை விமானத்துக்கு இணைக்கும் பிரதான தொடுப்பியின் சுருளுக்கு 0.8 என்று வைத்துக்கொண்டால் 14.3 அம்பியர் வருகிறது. இரவில், தரையிறங்கும்போது எரியும் விளக்குகள் 5, பறப்பு வேகத்தை அளக்கும் பிற்றோ குழாயின் சூடேற்றி 9, எரிபொருள் பம்பி 1.5 என்று கூட்டினால் மொத்தம் 29.8. இவை இந்த வகைக் கருவிகளுக்குப் பொதுவான அளவுகள். நீங்கள் வாங்கும் கருவிகளின் பொருத்தல் கையேட்டிலுள்ள எண்களை எழுதிக் கணக்கை மீண்டும் செய்ய வேண்டும். தொடர்ந்து இழுக்கும் சுமை ஒல்ரனேற்றரின் கொள்ளளவில் 80 வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விமானப் பராமரிப்பில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். 35இல் 80 வீதம் 28. ஆகவே 35 போதாது; 60 அம்பியர் ஒல்ரனேற்றர் ஒன்றுக்கு மாறுங்கள். ஒன்ராறியோக் குளிரில் தமையனார் பின்னொரு நாள் ஆசனச் சூடேற்றி கேட்கத்தான் போகிறார்.

அடுத்த கணக்குத்தான் முக்கியமானது. உங்கள் வரைபடத்தில் எல்லாக் கருவிகளும் பிரதான தொடுப்பிக்குப் பின்னால் ஒரே மின்பட்டையில் (மின்னைப் பகிர்ந்து கொடுக்கும் உலோகப் பட்டை) தொங்குகின்றன. ஒல்ரனேற்றர் நின்றதும் 14 அம்பியரும் பற்றரியிலிருந்து போகும். 17 அம்பியர்-மணி என்று எழுதப்பட்ட சிறிய ஈய-அமிலப் பற்றரி அந்த அளவை 20 மணி நேர மெதுவான இறக்கத்திற்றான் தரும். வேகமாக இழுத்தால் 14 அம்பியர்-மணி அளவில் நிற்கும். இரண்டு மூன்று வருடம் பழகிய பற்றரியானால் 11 என்று கொள்வதே புத்தி. அப்படியானால் முக்கால் மணி நேரத்தில் எல்லாத் திரைகளும் இருண்டுவிடும். தாங்கியிலோ நான்கு மணி நேரத்துக்கு எரிபொருள் இருக்கும்.

இதற்குத் தீர்வு, அத்தியாவசியக் கருவிகளுக்கென்று இரண்டாவது மின்பட்டை ஒன்றை அமைப்பது. ஒரு திரை, அதன் உணரிப் பெட்டி, எஞ்சின் அளவீடு, ஜிபிஎஸ், ஒரு வானொலி, ரான்ஸ்பொண்டர் ஆகியவை மட்டும் அதில் இருக்கட்டும். வழமையான பறப்பில் பிரதான பட்டையிலிருந்து மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் இருவாயி ஒன்றின் ஊடாக அதற்கு மின் வரும். ஒல்ரனேற்றர் நின்றால் விமானி பற்றரியிலிருந்து நேரே வரும் இரண்டாவது வழியின் ஆளியை இட்டுவிட்டுப் பிரதான ஆளியை அணைப்பார். இருவாயி இருப்பதால் மின் பின்னோக்கிப் பிரதான பட்டைக்கு ஓடாது; தொடுப்பியின் சுருள் தின்னும் 0.8 அம்பியரும் மிஞ்சும். இப்போது சுமை, இடையிடையே பேசுவதையும் சேர்த்து, 6.5 அம்பியர் அளவுதான். கோளாற்றைக் கவனிக்கப் பத்து நிமிடம் போயிற்று என்று 2 அம்பியர்-மணியைக் கழித்தாலும் ஏறத்தாழ ஒரு மணி இருபது நிமிடம் கிடைக்கிறது. இரத்மலானையிலிருந்து பலாலிக்கு வரும் தூரத்தை இந்த விமானம் ஏறக்குறைய ஒன்றேகால் மணியில் கடக்கும் என்று நினைத்துப் பார்த்தால் அந்த நேரத்தின் பெறுமதி தெரியும். சிறு விமானங்களுக்கான பழைய அமெரிக்கச் சான்றளிப்பு விதி 30 நிமிடத்தையே கேட்டது. நான் ஒரு மணிக்குக் குறைவாக எவருக்கும் வரைந்து கொடுப்பதில்லை.

இந்தக் கணக்கு உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் புதியதாக இராது. 1990இற்குப் பிறகு மின்சாரமே இல்லாமல் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட வீடுகளில், ஒரு பற்றரி எத்தனை மணி நேரத்துக்கு எதை ஓட்டும் என்பது சிறுபிள்ளைக்கும் மனப்பாடம்.

மின் நின்றுபோவது ஒரு கோளாறு. அளவுக்கு மிஞ்சி வருவது மற்றது. வாகன ஒல்ரனேற்றரை இங்கேயே பழுதுபார்க்கலாம் என்பதால் அதையே போட எண்ணுகிறீர்கள். அதன் வோல்ற்றளவுச் சீராக்கி உடலுக்குள்ளேயே இருக்கிறது. அது பழுதாகி வோல்ற்றளவு 16, 17 என்று ஏறத் தொடங்கினால், பல வகைகளில் விமானி ஆளியை அணைத்தாலும் உற்பத்தி நிற்காது. ஒரு முறை மின் எழுந்துவிட்டால் உள்ளேயுள்ள சீராக்கி தன்னையே ஊட்டிக்கொள்ளும். பெரும்பாலான புதிய திரைகள் 30 வோல்ற் வரை தாங்கும். பற்றரி தாங்காது. ஆகவே சீராக்கி வெளியே இருக்கும் ஒல்ரனேற்றரையோ, விமானத்துக்கென்றே மேல்வோல்ற்றளவுப் பாதுகாப்போடு விற்கப்படுவதையோ வாங்கச் சொல்லுங்கள். முதல் வகையில், வோல்ற்றளவு 16ஐத் தாண்டியதும் ஒல்ரனேற்றருக்குக் காந்தப்புலம் தரும் புலச் சுருளின் வழியை வேண்டுமென்றே குறுக்குச் சுற்றாக்கி, அதிலுள்ள 5 அம்பியர் முறிப்பானை (மின்னோட்டம் மிஞ்சினால் தானே இணைப்பை அறுக்கும் ஆளி) விழவைக்கும் ஒரு சிறு பெட்டி உண்டு. புலம் அறுந்தால் ஒல்ரனேற்றர் அடங்கிவிடும். விழுந்த முறிப்பானை விமானி பறந்துகொண்டே திரும்பத் திரும்ப அமத்தக் கூடாது என்பதைத் தமையனாருக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

லிதியம் பற்றரி பற்றி என் கருத்து இந்த விமானத்துக்கு மட்டும் உரியது. இரும்புப் பொசுபேற்று வகை லிதியம் கெட்ட பொருளன்று. நான்கு ஐந்து கிலோ எடை குறையும். ஆனால் அதன் வோல்ற்றளவு 13ஐச் சுற்றி ஒரே மட்டத்தில் நின்று, முடியும் தறுவாயில் திடீரென்று விழும். உள்ளேயுள்ள காவற்சுற்று சொல்லாமற் கொள்ளாமல் இணைப்பை அறுத்துவிடவும் கூடும். ஈய-அமிலப் பற்றரி இறங்க இறங்க வோல்ற்றளவும் இறங்கி, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை மானியில் காட்டிக்கொண்டே வரும். ஒற்றைப் பற்றரியோடு பறப்பவருக்கு இந்த எச்சரிக்கை நான்கு கிலோவைவிடப் பெறுமதியானது. கடுங்குளிரில் லிதியம் தொடக்கிக்குத் தரும் வலுவும் தளரும். கண்ணாடியிழைப் பாயில் அமிலம் ஊறிய, மூடிய ஈய-அமிலப் பற்றரியையே வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒரு முறை அதன் கொள்ளளவை அளந்து, 80 வீதத்துக்குக் கீழே போனதும் மாற்றுங்கள். முதலாவது திரைக்கு மட்டும் ஒரு சிறிய உதவிப் பற்றரியை வையுங்கள். எஞ்சினைச் சுழற்றும்போது வோல்ற்றளவு 9, 8 என்று சரிந்து திரை அணைந்து மீளும் தொல்லையும் அதோடு போகும்.

இனி நீங்கள் ஆவலோடு கேட்ட வயர். யப்பான் வாகன வயரில் குறை சொல்ல எதுவுமில்லை. வாகனத்துக்கு அது போதும். அதன் உறை பீவீசி. அது சூடேறினால் இளகும், எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு கலந்த கரும்புகை விடும். வீதியில் கதவைத் திறந்து இறங்கலாம். மூடிய ஒரு சிறு கூண்டுக்குள் இருந்து தரையிறங்க வேண்டியவருக்கு அந்தப் புகையே முதல் எதிரி. விமானத்தில் வழக்கமாகப் பயன்படும் வயர் ரெஃப்செல் எனப்படும் உறையோடு, 150 பாகை செல்சியசு வரை தாங்கும் தகுதியுடன், இழை ஒவ்வொன்றும் வெள்ளீயம் பூசப்பட்டு வருகிறது. பூச்சில்லாத செம்பு உப்புக் காற்றில் என்ன ஆகும் என்பதை மயிலிட்டியில் படகுக்கு வயரிங் செய்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தடிப்பில் மேலதிக கற்பனை வேண்டாம் (இலக்கம் கூடக் கூட வயர் மெல்லியது): 22ஆம் இலக்க வயருக்கு 5 அம்பியர், 18ஆம் இலக்கத்துக்கு 10, 14ஆம் இலக்கத்துக்கு 15 அம்பியர் உருகி என்பது பாதுகாப்பான வழக்கம். உருகி வயரைக் காப்பதற்கு, கருவியைக் காப்பதற்கன்று. நீளமான ஓட்டங்களில், தொடர்ந்து இழுக்கும் சுமைக்கு 14 வோல்ற் அமைப்பில் அரை வோல்ற்றுக்கு மேல் வழியில் இழக்கக் கூடாது. பிற்றோ சூடேற்றியின் வயரை இந்தக் கணக்கில் பார்த்தால் நீங்கள் வரைந்ததைவிட ஒரு படி தடித்தது வேண்டும்.

இழைகளை முறுக்கி, ஈயம் வைத்து, ரேப் சுற்றும் பழக்கம் எங்கள் ஊரில் கைவந்த கலை. அதை இந்த வேலைக்குக் கொண்டுவராதீர்கள். ஈயம் இழைகளுக்குள் ஊறி நின்ற இடத்தில் வயர் கம்பியாக விறைத்துவிடும். எஞ்சினின் நடுக்கம் அந்த விளிம்பில்தான் அதை நாளடைவில் முறிக்கும். எல்லா முனைகளும் கிறிம்ப் செய்யப்பட, அதாவது குறட்டால் நசுக்கிப் பிடிப்பிக்கப்பட வேண்டும். அதுவும் முழுதாக அமர்ந்தாலொழிய விடாத பற்சக்கரக் குறட்டினால். பல முள் இணைப்பிகளின் கடைந்தெடுத்த முள்களுக்கு நான்கு பக்கமும் அழுத்தும் தனிக் குறடு தேவை. விலை அதிகம், தமையனார் வாங்கி அனுப்பட்டும். ஒவ்வொரு புது முனைத்தொகுதியிலும் நாலைந்தை வீணாக்கி இழுத்துப் பாருங்கள். முனை கழன்றால் குறட்டின் தெரிவு பிழை, வயர் அறுந்தால் சரி.

ஏர்த் விடயத்தில் வாகனப் பழக்கம் இன்னொரு வகையில் ஏமாற்றும். அலுமினிய உடல் மின்னை நன்றாகவே கடத்தும் என்பதால் விளக்குகளுக்கும் பிற்றோ சூடேற்றிக்கும் அருகிலுள்ள உடலையே திரும்பு வழியாக்கலாம். முகப்புப் பலகையிலுள்ள மின்னணுக் கருவிகளுக்கு அப்படிச் செய்யாதீர்கள். அவற்றின் ஏர்த் வயர்கள் எல்லாம் தீத்தடுப்புத் தகட்டில் பித்தளைப் போல்ற் ஒன்றோடு பொருத்திய ஒரே முனைத்தொகுதிக்கு வர வேண்டும். பற்றரியின் தடித்த ஏர்த்தும் எஞ்சினின் ஏர்த் பட்டையும் அதே போல்ற்றுக்கு வர வேண்டும். ஒலிவாங்கி, தலையணி செருகுவாய்களை உலோகத் தகட்டில் தொடாதபடி நார் வளையம் வைத்துப் பொருத்துங்கள். இதைச் செய்யாதவர்களின் காதில் ஒல்ரனேற்றரின் ஊளை பறப்பு முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும்; பிறகு அதற்கு வடிகட்டி தேடி அலைவார்கள். மலிவான எல்ஈடி விளக்குகளும் இதே போன்ற இரைச்சலை வானொலிக்குள் விடும். பொருத்துமுன் வானொலியருகே எரியவிட்டுக் கேட்டுப் பார்க்கும்படி தமையனாரிடம் சொல்லுங்கள்.

திரைக்குத் திசையைச் சொல்லும் காந்தமானிக்கு உங்கள் வரைபடத்தில் முகப்புப் பலகையின் பின்புறம் இடம் கொடுத்திருக்கிறீர்கள். அங்கே வேண்டாம். அருகில் ஓடும் ஒவ்வொரு மின்னோட்டமும் அதைத் திருப்பும். இறக்கைநுனியிலோ உடலின் பின்பகுதியிலோ, இரும்புத் திருகாணி இல்லாத இடத்தில், பித்தளைத் திருகாணியால் பொருத்துங்கள். இறக்கைநுனி விளக்கின் வயர் அதே வழியால் போகுமானால், போக்கு வயரையும் திரும்பு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள். பொருத்திய பின் விளக்குகளையும் சூடேற்றியையும் ஒவ்வொன்றாக இட்டுத் திசை எண் அசைகிறதா என்று பார்க்க வேண்டும்.

ரான்ஸ்பொண்டரைப் பொறுத்தவரை, தமையனார் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் பறப்பாரா என்று கேளுங்கள். அங்கு 2020 ஜனவரி 1 முதல் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளிகளில் ஏடிஎஸ்-பி, அதாவது விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் முறை, கட்டாயம். அங்கே நிலக் கோபுரங்கள் கேட்பதால் வயிற்றுப் பக்க அலைவாங்கி ஒன்று போதும். கனடாவோ செயற்கைக்கோள் மூலம் கேட்கிறது. மிக உயரத்திலுள்ள ஏ வகை வான்வெளிக்கு 2023 ஓகஸ்ட் 10 முதலும், அதற்குக் கீழுள்ள பி வகைக்கு 2024 மே 16 முதலும் அது கட்டாயமாயிற்று. மேல்நோக்கியும் ஒலிபரப்ப வேண்டியிருப்பதால், உடலின் மேலும் கீழுமாக இரண்டு அலைவாங்கி கொண்ட கருவியை இப்போதே வாங்குவது நல்லது. மேல் அலைவாங்கிக்கான வழியையாவது இப்போதே விட்டுவையுங்கள்.

இந்த வேலையைக் கோண்டாவிலில் செய்யலாமா என்றால், ஒரு பகுதியைச் செய்யலாம் என்பதே என் விடை. முகப்புப் பலகைக்குள் அடங்கும் வயர்க் கட்டு, அதாவது திரைகள், வானொலி, உட்பேச்சுக் கருவி, ரான்ஸ்பொண்டர் ஆகியவற்றுக்கிடையே ஓடும் சிறு வயர்கள், உங்கள் மேசைக்கு ஏற்றவை. எஞ்சின் பக்கத்து வயர்களையும், பற்றரி, ஒல்ரனேற்றர், தொடக்கி ஆகியவற்றின் தடித்த கேபிள்களையும், இறக்கைக்குப் போகும் நீண்ட வயர்களையும் விமானத்தருகில் நின்றே வெட்ட வேண்டும். கையால் கட்டிய இரண்டு ஆர்வி-6கள் அளவில் ஒத்திருப்பதில்லை. ஆகையால் வேறொருவரின் அளவைக் கேட்டு வாங்கி நம்பாதீர்கள். தமையனார் முகப்புப் பலகையின் அச்சைப் பெரிய தாளில் எடுத்து, கருவித் தட்டுகளின் ஆழத்தையும் குறித்து அனுப்பட்டும். நீங்கள் அதை ஒட்டுப்பலகையில் அதே அளவில் வெட்டி, கருவிகளின் இடத்தில் மரக்கட்டைகளை நிறுத்தி, அதன் பின்னால் வயரை ஓட்டுங்கள். கருவியை வெளியே இழுத்துப் பின்புற இணைப்பியைக் கழற்றும் அளவுக்கு ஒவ்வொரு கிளையிலும் தளர்வு விடுங்கள். ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் வரைபடத்திலுள்ள இலக்கம் சுருங்குகுழாய்க்குள் இருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து அங்கே திருத்தப் போகும் மனிதருக்கு உங்கள் தொலைபேசி இலக்கம் தெரிந்திருக்காது.

கருவிகளை இங்கே வரவழைக்காதீர்கள். வானொலி அனுப்பு கருவிகளை இலங்கைக்குள் கொண்டுவரத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அது கிடைத்தாலும், திருத்தக மேசையிலிருந்து விமான அலைவரிசையில் ஒலிபரப்பிப் பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை. வயர்க் கட்டுக்கு எதிர் இணைப்பிகளும் பொருத்தல் கையேடுகளும் இருந்தாலே போதும். ஒவ்வொரு முள்ளிலிருந்தும் அதன் மறுமுனை வரை தொடர்ச்சியையும், அயல் முள்களோடு தொடர்பின்மையையும் மீற்றரால் பார்த்து, வரைபடத்தில் அந்தக் கோட்டை மஞ்சள் பேனாவால் தீட்டி வாருங்கள். லிதியம் பற்றரி வாங்கியே ஆவேன் என்று தமையனார் நின்றாலும், அதைப் பயணப் பெட்டியில் கொண்டு திரிய முடியாது; 160 வாற்-மணிக்கு மேற்பட்ட லிதியம் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் எடுத்துச் செல்ல இடமில்லை.

கனடாவில் இத்தகைய விமானத்தின் உரிமையாளர் பராமரிப்பைத் தாமே செய்து பதிவேட்டில் கையொப்பமிட முடியும். எனவே நீங்கள் செய்த கட்டுக்கும் அவரே பொறுப்பாளி. அவர் அதை ஒவ்வொரு முனையாகத் திரும்பவும் சோதிப்பது உங்களைச் சந்தேகிப்பதாகாது. வெற்றிடப் பம்பி போய்த் திரைகள் வந்தபின் விமானத்தைத் தராசில் ஏற்றி எடையையும் சமநிலையையும் புதிதாக எழுத வேண்டும். ரான்ஸ்பொண்டர் சோதனை 24 மாதத்துக்கு ஒரு முறை அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் நடக்க வேண்டியது. காற்றழுத்தக் குழாய்களை அறுத்து இணைத்திருப்பதால் அவற்றின் கசிவுச் சோதனையையும் அதே நாளில் முடித்துவிடலாம்.

முதன்முறை மின் கொடுக்கும்போது எல்லா உருகிகளையும் கழற்றிவிட்டு, பற்றரிக்குப் பதிலாக மின்னோட்டத்துக்கு எல்லை வைத்த மின்வழங்கி ஒன்றைப் பூட்டி, ஒவ்வோர் உருகியாக இட்டு, உங்கள் கணக்கிலுள்ள அம்பியரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எண் ஒத்துவராத இடத்தில் அடுத்த உருகிக்குப் போகக் கூடாது. பிறகு பற்றரியைப் பூட்டி, நிலத்திலேயே ஒல்ரனேற்றரை அணைத்து, அத்தியாவசியப் பட்டையை மட்டும் இட்டு, அது உண்மையில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதட்டும்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது சுமைக் கணக்கையும் மின்வழங்கல் வரைபடத்தின் முதல் தாளையும் திருத்துவதுதான். அவற்றை மட்டும் எனக்கு அனுப்புங்கள். அவை சரியென்று கண்டபின் தமையனார் திரைகளுக்கு முற்பணம் கட்டலாம்.